கொப்பளிக்கும் எண்ணெயும் காரை பிடித்த பல்லும்

கேள்வி: காங்கேயம் பக்கம் சொந்தமாக மரச்செக்கு வைத்திருக்கிறேன். வயது 38. ஏழு மாதமாக, காலையில் எழுந்ததும் எங்கள் செக்குத் தேங்காய் எண்ணெயைக் கால் மணி நேரம் வாயில் வைத்துக் கொப்பளிக்கிறேன். வாய் நாற்றம் குறைந்த மாதிரி இருந்ததால் பேஸ்ட், பிரஷ் இரண்டையும் விட்டுவிட்டேன். விரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் இரண்டு மாதமாக ஈறில் ரத்தம் கசிகிறது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் மஞ்சளாகக் கல் மாதிரி ஏதோ பிடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பாதி லாரிக் அமிலம், அது பற்கிருமியைக் கொன்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் படித்துத்தான் ஆரம்பித்தேன். பிறகு எனக்கு ஏன் இப்படி? பாட்டிலில் 'பற்கிருமிகளை ஒழிக்கும்' என்று லேபிள் போடவும் நினைத்திருக்கிறேன், வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். என் மாமனார் நல்லெண்ணெய்தான் சரி என்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்து தேறியவர், அவரும் தினமும் கொப்பளிக்கிறார். எங்களைப் பார்த்து ஐந்து வயது மகளும் எண்ணெய் கேட்கிறாள். கொடுக்கலாமா?

பதில்:

முதலில் ரத்தத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். எண்ணெய் உங்கள் ஈறைக் கெடுக்கவில்லை. பிரஷ்ஷை விட்டதுதான் கெடுத்தது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் பிடித்திருப்பது காரை. நாக்குக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறக்கிற இடம் அது. அங்கே படியும் அழுக்கில் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிவிடும். இறுகிய பிறகு எண்ணெய், உப்பு, கரி எதற்கும் அது அசையாது. பக்கத்தில் உள்ள பல் மருத்துவரிடம் போய் ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுப்பது) செய்துகொள்ளுங்கள். 'கிளீன் பண்ணினால் பல் ஆடும்' என்று யாராவது சொல்வார்கள். ஏற்கெனவே எலும்பு தேய்ந்த பல்லைக் காரைதான் அண்டைக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். உங்கள் வயதில், இரண்டு மாதக் கசிவில், பெரும்பாலும் அந்த நிலை வந்திருக்காது.

இனி லாரிக் அமிலம். வாட்ஸ்அப் சொன்னது முழுப் பொய் அல்ல. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் கபாரா குழுவினர் கொழுப்பு அமிலங்களை வரிசையாக வைத்து எது எந்தக் கிருமியை அடக்குகிறது என்று பார்த்தார்கள். நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களில் 12 கரிம அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம் முன்னால் நின்றது. கென்டக்கியில் 2011-இல் வெளியான ஆய்வு குட்டையான, நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலங்களை வாய்க் கிருமிகள் மீதே சோதித்தது. சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமியும் அவற்றின் முன் அடங்கிப்போனது.

எப்படி அடங்குகிறது? கொழுப்பு அமிலத்துக்கு ஒரு முனை நீரை விரும்பும், நீண்ட வால் எண்ணெயை விரும்பும். சோப்புக்கும் இதே குணம்தான். கிருமியின் மேலுறையும் கொழுப்பால் ஆனது என்பதால் அந்த வால் உள்ளே நுழைந்து உறையை ஓட்டையாக்குகிறது. மியூட்டன்ஸ் தானே உண்டாக்கிய அமிலத்தில் குடியிருக்கிற கிருமி. உள்ளே கசியும் அமிலத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. உறை ஓட்டையானால் இறைக்க இறைக்க உள்ளே வரும், ஓட்டைப் படகுதான்.

ஆனால் இதெல்லாம் தனித்து விடப்பட்ட கொழுப்பு அமிலத்தின் வேலை. உங்கள் பாட்டிலில் இருப்பது தனி அமிலம் இல்லை. இதை மற்ற வாசகர்களைவிட உங்களுக்குச் சொல்வது எளிது, ஏனென்றால் நீங்கள் எஃப்.எஃப்.ஏ (தனிக் கொழுப்பு அமில அளவு) பார்த்துக் கொப்பரை வாங்குகிறவர். தேங்காய் எண்ணெயில் 45 முதல் 50 சதவீதம் லாரிக் என்பது சரி. ஆனால் அது மூன்று மூன்றாகக் கிளிசரால் என்ற மூலக்கூறோடு பிணைந்து கிடக்கிறது. கட்டு அவிழ்ந்து தனியாகத் திரிகிற பங்குதான் உங்கள் தொழிலில் எஃப்.எஃப்.ஏ. நல்ல எண்ணெயில் அது ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்கும். சரியாகக் காயாத ஈரக் கொப்பரையில் பூஞ்சணம் பிடித்தால் அதன் நொதி இந்தக் கட்டை அவிழ்க்கும், எஃப்.எஃப்.ஏ ஏறும், எண்ணெயில் சோப்பு மாதிரி ஒரு சுவையும் சிக்கு வாடையும் வரும். அப்படிப்பட்ட கொப்பரையை நீங்கள் வண்டியோடு திருப்பி அனுப்பியிருப்பீர்கள். ஆக, உங்கள் எண்ணெய் எவ்வளவு தரமானதோ அவ்வளவுக்குக் கிருமியைக் கொல்லும் தனி லாரிக் அதில் குறைவு! (அதற்காகச் சிக்கு எண்ணெயை வாயில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். பூஞ்சணம் விட்டுப்போகிற நஞ்சு வேறு கணக்கு.)

வாயிலேயே அந்தக் கட்டு அவிழாதா என்று கேட்பீர்கள். கொழுப்பை உடைக்கும் நொதி மனித உமிழ்நீரில் மிகச் சொற்பம். கொழுப்பு செரிக்கும் வேலை வயிற்றிலும் சிறுகுடலிலும்தான் நடக்கிறது. சில கிருமிகளிடம் அந்த நொதி உண்டுதான். ஆனால் கால் மணி நேரத்தில் ஒரு கரண்டி எண்ணெயில் எவ்வளவை அவை உடைத்துவிடும்? அப்படியே கொஞ்சம் அவிழ்ந்தாலும் உமிழ்நீரில் கால்சியம் காத்திருக்கிறது. உங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து வாளியில் ஒட்டுமே, அதே கதைதான். கால்சியத்தோடு சேர்ந்த கொழுப்பு அமிலம் கரையாத சோப்பாகி வேலைநிறுத்தம் செய்துவிடும்.

ஆனால் கொல்வது மட்டுமே கேள்வி இல்லை. பல்லில் நோய் தொடங்குவது கிருமி இருப்பதால் அல்ல, அது ஒட்டிக்கொள்வதால். எல்லார் வாயிலும் கிருமி உண்டு, விழுங்குகிற எச்சிலோடு கோடிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். ஒட்டியது தங்கும், தங்கியதுதான் கூட்டம் சேர்க்கும்.

பல் துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்களும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்து எனாமல் மேல் ஒரு மெல்லிய பூச்சு பூசிவிடும். கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் முதலில் வந்து உட்காருகிறவை சாங்குவினிஸ், ஓராலிஸ் போன்ற சாதுவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள். மியூட்டன்ஸ் பின்னால் வருகிறது, ஆனால் அதனிடம் ஒரு கைவேலை இருக்கிறது. நாம் தின்கிற சீனியை உடைத்து, அதிலிருக்கும் குளுக்கோஸ்களைக் கோத்துக் கோத்து, தண்ணீரில் கரையாத பசையாகத் திரித்துவிடும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எதுவானாலும் அதற்கு ஒன்றுதான், பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தானே. அந்தப் பசைக்குள் மற்ற கிருமிகளும் அடுத்தடுத்து குடியேறும். பசையும் கிருமியும் சேர்ந்த இந்தக் கூட்டம்தான் பற்படலம். பிறகு அங்கே ஊறும் அமிலம் வெளியே கழுவிப் போகாது, பல்லோடேயே நிற்கும். அமிலத்தை அளக்கும் பி.எச் எண் (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும்.

இந்த ஒட்டும் கட்டத்தில் கொழுப்பு அமிலங்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. நல்லெண்ணெயில் நிறைய இருக்கிற ஒலியிக், லினோலியிக் போன்றவை, கிருமியைக் கொல்லப் போதாத அளவிலேயேகூட, அது ஒட்டுவதையும் பசை திரிப்பதையும் குறைக்கின்றன. எனக்கு இந்தத் துறையில் பிடித்த பகுதியே இதுதான். கொன்றால் அடுத்த தலைமுறை தேறி வரும். ஒட்டவிடாமல் செய்தால் அது எச்சிலோடு போய்விடும்.

பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம், பால் ஒட்டாது. தடவ மறந்து ஒட்டிவிட்டாலும் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும், ஏனென்றால் பலாப் பால் எண்ணெய்க்கு இளகும் சாதி. எண்ணெய் கொப்பளிக்கிறவர்கள் மனதில் இருப்பது இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன். ஆனால் பற்படலத்தின் பசை சர்க்கரைப் பசை, தண்ணீரில் ஊறி வழவழப்பாக நிற்பது, வெண்டைக்காய்க் கோழை மாதிரி. வெண்டைக்காய் நறுக்கிய கையை எண்ணெயில் முக்கிப் பாருங்கள், போகாது. எண்ணெய் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக ஒட்ட வருகிறதை எண்ணெய் கொஞ்சம் தடுக்கலாம். ஒட்டி, பசை போட்டு, ஊறி, இரண்டு நாள் ஆன படலத்துக்குள் அது நுழையாது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹுக், தானே தேய்த்த கண்ணாடி வில்லை வழியாகத் தன் பல்லழுக்கைப் பார்த்து 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். உள்ளே சின்னஞ்சிறு உயிர்கள் நெளிகின்றன என்றார். கடுமையான வினிகரை வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்திருக்கிறார், பல்லிடுக்கு அழுக்கில் அவை உயிரோடுதான் இருந்தன. அதே அழுக்கை வெளியே எடுத்துத் தண்ணீரில் கரைத்து வினிகர் விட்டார், உடனே செத்தன. வினிகர் மேலே இருந்ததைத்தான் கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவரே முடிவு எழுதியிருக்கிறார். வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம், இரண்டே கரிம அணு, கொழுப்பு அமிலக் குடும்பத்தின் கடைக்குட்டி என்றே சொல்லலாம். தண்ணீரில் கரையும் கடைக்குட்டியாலேயே முடியாத காரியம் அது. எண்ணெயில் கட்டுண்டு கிடக்கும் லாரிக்கால் முடியுமா?

உங்கள் கடிதம் வந்த பிறகு நானே ஒன்று செய்து பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி பல் துலக்காமல் படுத்தேன் (வீட்டில் சொல்லவில்லை). ஞாயிறு காலை ஒரு தேக்கரண்டி செக்குத் தேங்காய் எண்ணெயைப் பதினைந்து நிமிடம் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கிளினிக்கில் குழந்தைகளுக்கு அழுக்கைக் காட்டப் பயன்படுத்தும் சாயத்தைப் பல்லில் தடவினேன். புதிய படலம் இளஞ்சிவப்பாகவும் பழையது நீலமாகவும் தெரியும் சாயம் அது. மேல் முன்பற்களின் வெளிப்பக்கம், உதட்டோடு உரசும் இடம், நன்றாகவே இருந்தது, லேசான ரோஜா நிறம். ஈறை ஒட்டி மட்டும் பென்சிலால் கோடு போட்ட மாதிரி நீலம். கீழ் முன்பற்களின் உள்பக்கம், நீங்கள் சொன்ன அதே இடம், நல்ல மை நீலம். கடைவாய்ப் பல் இடுக்குகளைச் சொல்லவே வேண்டாம். பிறகு பிரஷ் எடுத்து இரண்டு நிமிடம். கோடு போயிற்று. இடுக்கில் மட்டும் மிச்சம், அதற்கு இடுக்கு பிரஷ் போட வேண்டி வந்தது. ஒரு வாயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் உங்கள் பல்லில் ஏழு மாதம் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்தக் கண்ணாடியில் தெரிந்தது.

அப்படியானால் மருத்துவ ஆய்வுகளில் எண்ணெய் நல்ல பெயர் வாங்கியது எப்படி? சென்னையில் 2008-இல் வளரிளம் பையன்கள் 20 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நல்லெண்ணெய், மீதிப் பேருக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ். பற்படலத்தில் மியூட்டன்ஸ் எண்ணிக்கை இரண்டு பக்கமும் குறைந்தது. கேரளத்தின் கண்ணூரில் 60 இளைஞர்களுக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்து 30 நாள் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். பற்படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எண்ணெய் கொப்பளிக்காத ஒரு குழு அதில் இல்லை. சிறிய ஆய்வுகள், குறுகிய காலம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதைப் பரிந்துரைக்காததற்குக் காரணமும் சான்று போதாது என்பதுதான்.

நல்லெண்ணெயில் லாரிக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அப்படியிருந்தும் சென்னைப் பையன்களுக்குக் குறைந்தது. லாரிக்தான் வேலை செய்கிறது என்றால் இது எப்படி? பல்லிடுக்கில் திரவத்தை அழுத்தி இழுக்கிற அந்த அசைவு, எச்சிலோடு கலந்து பால் மாதிரி ஆகிற எண்ணெய் தளர்ந்த அழுக்கை உருட்டிக்கொண்டு வருவது, கொஞ்ச நேரம் பல் மேல் நிற்கும் வழுக்கல், இவைதான் பெரும்பங்கு என்பது என் எண்ணம். எனவே மாமனாருக்கும் உங்களுக்கும் நடக்கிற எண்ணெய்ச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை.

துப்பும்போது வெள்ளையாக வருவது உடம்பின் நஞ்சு என்று உங்களுக்கு வந்த செய்தியில் இருந்திருக்கும். எண்ணெயும் எச்சிலும் கலந்தால் வெள்ளைதான், மோர் கடையும்போது நுரை வருகிற மாதிரி. அது வாயிலேயே சோப்பாக மாறி விட்டது என்று கொஞ்சம் படித்தவர்களும் எழுதுகிறார்கள். எண்ணெயைச் சோப்பாக்கக் காஸ்டிக் சோடா மாதிரி கடுங்காரம் வேண்டும். எச்சில் அநேகமாக நடுநிலை. வாயில் சோப்பு காய்ச்ச முடிந்தால் நாக்கு மிஞ்சாது.

நம் உடம்பே இந்த வித்தையை அறிந்து வைத்திருக்கிறது என்பது ஒரு துணைச் செய்தி. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சேப்பியனிக் அமிலம் என்று ஒன்றைச் சுரக்கின்றன. ஹோமோ சேப்பியன்ஸ் என்ற நம் இனப் பெயரிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. ஈறு நோய்க் கிருமிகளில் முக்கியமான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸை அது சோதனைக் குழாயில் கொல்கிறது. அங்கேயும் கொல்வது கட்டு அவிழ்ந்த தனி அமிலம்தான் என்பதைக் கவனியுங்கள்.

லேபிள் விஷயம். வேண்டாம். மேலே சொன்ன காரணம் ஒன்று. சட்டம் இன்னொன்று: உணவுப் பொருளின் லேபிளில் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று எழுத 2018-இன் உணவு விளம்பர விதிகள் இடம் தருவதில்லை. மூன்றாவது உங்கள் வாய். அந்த லேபிளை நம்பி இன்னும் நூறு பேர் பிரஷ்ஷை விட்டால் நூறு பேர் ஈறிலும் ரத்தம் வரும். எஃப்.எஃப்.ஏ எவ்வளவு, எந்தத் தேதியில் ஆட்டியது என்று போடுங்கள். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் அதைத்தான் தேடுவார்.

மகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஐந்து வயதில் கால் மணி நேரம் எதையும் வாயில் வைத்திருக்கத் தெரியாது. சிரித்தால் புரையேறும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் தண்ணீர் மாதிரி இருமி வெளியே வராது, தங்கி நிமோனியா உண்டாக்கும். எண்ணெய் கொப்பளித்த பெரியவர்களுக்கே அப்படி வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. அவளுக்குப் பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் போதும், பிரஷ்ஷை நீங்கள் பிடியுங்கள்.

உங்களுக்கு: காரை எடுத்த அன்று ராத்திரியே தொடங்குங்கள். படுக்கப் போகும் முன் துலக்குவதுதான் இரண்டு வேளையில் முக்கியமானது, தூக்கத்தில் எச்சில் வற்றிவிடும் என்பதால். பேஸ்ட் டப்பாவில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் இருக்காது. மிருதுவான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் ரத்தம் வரும், அதற்குப் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் இன்னும் வரும். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள், சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எண்ணெய் கொப்பளிப்பது பிடித்திருந்தால் காலையில் துலக்குவதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் செய்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. வாஷ்பேசினில் மட்டும் துப்பாதீர்கள். மார்கழியில் உங்கள் எண்ணெய் பாட்டிலில் எப்படி உறைகிறதோ அப்படித்தான் குழாயிலும் உறையும்.

மாமனாரிடம் இன்றே பேசுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு, கை கால் தேறிய பிறகும் விழுங்கும் தசைகள் முழுதாகத் தேறியிருக்காது. காப்பி குடிக்கும்போது இருமுகிறாரா, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் நல்லெண்ணெயும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் விழுங்கும் பரிசோதனை கேளுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், திட்டு எனக்கே விழட்டும்.